எங்கள் புகார்களை மூடியவருக்கு

எங்கள் புகார்களைப் படிக்காமலே மூடியவர் நீங்கள்தான். அதற்குச் சுத்தம் செய்தல் என்று பெயரும் வைத்தீர்கள்.

தண்டையார்பேட்டையில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் அப்போது உங்கள் தமிழ்த் தட்டச்சு மென்பொருள்தான். இலவசம், நிரலை யாரும் திருத்தலாம், குறை இருந்தால் இணையதளத்தின் பொதுப் பட்டியலில் எழுதலாம் என்றீர்கள். அதை நம்பி முதலாளியிடம் பேசிப் போட வைத்தவன் நான். மனு அடிக்கும் அக்காவுக்கு உங்கள் விசைப்பலகை மட்டும்தான் தெரியும். நீளமான மனுவைச் சேமித்தால் பாதிக்குமேல் எழுத்தெல்லாம் வெறும் கட்டங்களாகிவிடும். மணலி ஆலைகளால் காற்று நாறுகிறது என்று ஒரு தெருவே கையெழுத்துப் போட வந்து நின்றபோதும் அப்படித்தான் ஆனது. இது சரியாகாவிட்டால் மென்பொருளையும் அக்காவையும் சேர்த்து அனுப்பிவிடுவேன் என்றார் முதலாளி.

அதனால் எழுதினோம். அக்கா, நான், பக்கத்து அச்சகத்துக்காரர், மனு கொடுக்க வந்த ஒரு டேங்கர் லாரி டிரைவர். எல்லாம் கடையின் ஒரே மின்னஞ்சல் முகவரியில். எங்கள் பக்கம் கடைக்கு ஒரு முகவரிதான். வருகிறவர் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போவார். நீங்கள் அதை யாரோ ஒரே ஆசாமியின் தொணதொணப்பு என்று முடிவு கட்டினீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ‘என் கணினியில் இப்படி வரவில்லை’ என்று எழுதி மூடினீர்கள். காற்று கடல் பக்கம் அடிக்கிற நாளாகப் பார்த்து மணலிக்கு வந்து, நாற்றம் இல்லை என்று எழுதிவிட்டுப் போகும் அதிகாரிக்கு நீங்கள் சித்தப்பா மகனாகத்தான் இருக்க வேண்டும். பட்டியல் பளிச்சென்று ஆகிவிட்டதாகக் குழுமடலில் அறிவித்தீர்கள். வாழ்த்துகள் குவிந்தன.

அக்கா திரையைப் பார்த்தார். “நாம நாலு பேரும் ஒரே ஆளாமே நைனா. அப்ப நீ போய் டேங்கர ஓட்டு, நான் அச்சாபீசுக்குப் போறேன்.”

முதலாளி சிரிக்கவில்லை. “ஓசி சாமான் வாணாம்னு அன்னிக்கே சொன்னேன். இன்னாத்துக்கு இன்னும் பாத்துகினு கீற? எடுத்துடு.”

“அக்கா இன்னா பண்ணுவாங்க?”

“அவங்க வேற கீபோர்டு கத்துக்கற வரிக்கும் கஸ்டமரு வாசல்லயே குந்திகினு இருக்கணுமா?”

ஒரே ஒரு வாரம் கேட்டு வாங்கினேன். கெட்டுப்போன கோப்பையே இணைத்து, புகாரை மறுபடி திறந்தேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் மூடியிருந்தீர்கள்: ‘ஏற்கெனவே விவாதித்தாயிற்று.’ யார் யாரோடு விவாதித்தார்கள்? அந்தப் பக்கத்தில் உங்கள் ஒற்றை வரியைத் தவிர ஒன்றுமில்லை.

வாரம் முடிந்தது. அக்கா திருவொற்றியூரில் ஒரு கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போனார். அவர் நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார்.

நான் இணைத்த கோப்பைத் திறந்து பார்த்தீர்களா, இல்லையா? பார்த்திருந்தால் எதை வைத்து மூடினீர்கள்? எனக்குத் தனிமடலில் வருத்தம் தெரிவிக்க வேண்டாம். குழுமடலில், எல்லோரும் படிக்கும்படி, உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.