ஈரமணல் படம்

பயந்தாங்கொள்ளி என்று எங்கள் வீட்டில் பெயர் வாங்கியவள் நான். மின்னல் வெட்டினால் கட்டிலடியில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுவேன். தபால்காரர் கதவைத் தட்டினால்கூட, யார் செத்தார்களோ என்று சிலுவை போட்டுக்கொள்வேன். ஆகவே, என் அண்ணி கிளாடிஸைப் பற்றி நான் சொல்லும்போது என் பயத்தைக் கொஞ்சம் கழித்துவிட்டுக் கேளுங்கள். நாற்பத்திரண்டாம் வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு வந்த வாரத்தைப் பற்றி மட்டும் எதையும் கழிக்க வேண்டாம். அப்போது பட்டணமே நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

கிளாடிஸ் என் அண்ணன் இக்னேஷியஸின் மனைவி. அண்ணனுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. சாந்தோம் கோயிலுக்குப் பின்னால், உப்புக்காற்று அடித்து ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்த வீட்டில் மூன்று பேரும் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். அண்ணி பங்குப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். வாய் திறப்பது அபூர்வம். திறந்தால் அதற்கு மேல் பேச நமக்கு ஒன்றும் இருக்காது. அந்தக் குணத்துக்காகவே அவளோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். சண்டையை நான்தான் போடுவேன்; அவள் பாட்டுக்கு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள்.

எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது ஒரு பல்வலி. லஸ்ஸுக்குப் பக்கத்தில் இவாத்தா என்று ஒரு ஜப்பான்காரப் பல் டாக்டர் இருந்தார். அவரிடம் கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொள்ளப் போன அண்ணி, வீங்கிய கன்னத்தோடும் ஒரு சிநேகிதியோடும் திரும்பி வந்தாள். சிநேகிதி, டாக்டரின் மனைவி ஃபூமி. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், மீதி கையாட்டல் என்று இரண்டு பேரும் எப்படித்தான் பேசிக்கொண்டார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். ஊமைக் கோட்டானாக இருந்த எங்கள் அண்ணி ஃபூமி வந்துவிட்டால் சிரிப்பாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

ஃபூமியிடம் மடக்கு கேமரா ஒன்று இருந்தது. ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம், இவற்றுக்குத்தான் படம் பிடிப்பார்கள் என்று நினைத்திருந்தவள் நான். ஃபூமி பிடித்ததெல்லாம் என்ன தெரியுமா? நுரை. அலை வந்து திரும்பியதும் மணலில் ஒரு கோடு விட்டுப் போகுமே, அந்த நுரைக்கோடு. வாராவாரம் விடிந்ததும் சாந்தோம் கடற்கரைக்கு வந்துவிடுவாள். ஒரே இடம், ஒரே மணல். ஃபிலிமைக் காசு கொடுத்து வாங்கி இப்படி யாராவது கரியாக்குவார்களா? அண்ணியும் அவள் பின்னாலேயே போவாள். பிறகு லஸ் வீட்டுக் குளியலறையில் விளக்குக்குச் சிவப்புத் துணி சுற்றி, இரண்டு பேருமாகப் படம் கழுவுவார்கள்.

"அவங்க ஊர்ல ஒரு மரம் இருக்காம், ஃப்ளோரி. ஒரு வாரம்தான் பூக்குமாம். உதிரும்போது பாக்கறதுக்குன்னே ஜனங்க கிளம்பிப் போவாங்களாம். போகப்போற ஒண்ணு அழகா இருக்குதுல்ல, அதுக்கு ஒரு பேரே வெச்சிருக்காங்க. மோனோ நோ அவாரே."

"பேரைக் கேட்டாலே பல்லு வலிக்குது, அண்ணி."

அன்று அவள் சிரித்துவிட்டு ஒன்று சொன்னாள். "விபூதிப் புதனுக்கு சாமியார் நெத்தில சாம்பல் பூசி என்ன சொல்றாரு? நீ மண்ணு, மண்ணாத்தான் போவேன்னு. ஃபூமி சொல்றதும் அதேதான். சாமியார் பயப்படச் சொல்றாரு, இவ பாக்கச் சொல்றா." எனக்குச் சாமியார் சொல்வதுதான் சரியாகப் பட்டது. பயப்படுவது எனக்குச் சுலபம்.

அண்ணிக்கு ஒரே மகள் இருந்தாள், மர்சலின். அவளுக்கு இடது கால் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். தரையில் படாது. குளித்துவிட்டு ஈரக்காலோடு கூடத்தில் ஓடினால், வலது காலுக்கு ஐந்து விரல் விழும், இடது காலுக்கு நாலுதான் விழும். "நாலு விரல் ராணி வந்தாச்சு" என்று நான் கத்துவேன். அவள் இன்னும் நாலு முறை ஓடிக் கூடம் முழுக்க ஈரமாக்குவாள்.

ஐந்து வயதில் ஒருநாள் கடற்கரையில் ஃபூமி அவளைப் படம் எடுக்கப் போனாள். நில் என்றால் நிற்கிற பிள்ளையா அது? கேமரா சொடுக்குவதற்குள் ஓடிவிட்டது. மணலும் நுரையும், மேலே கட்டுமரமும் கோயில் கோபுரமும்தான் படத்தில் விழுந்தன. மேல் பாதியை வெட்டிவிட்டால் படம் நன்றாக இருக்கும் என்றாள் ஃபூமி. கோயில் இல்லாவிட்டால் எங்கள் ஊர்க் கடல் என்று எப்படித் தெரியும் என்று அண்ணி சம்மதிக்கவில்லை. இதெல்லாம் அண்ணி சொல்லிக் கேட்டதுதான். பிள்ளையில்லாத படத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று நான் அதை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அந்த வருஷமே டைபாய்டு வந்து மர்சலின் போய்விட்டாள். எங்களவர் வழக்கப்படி, பெட்டியைச் சுற்றிக் குடும்பம் முழுக்க நிற்கப் படம் எடுத்தோம். ஸ்டுடியோக்காரரிடம் சொல்லிப் பிள்ளையின் முகத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்கி, மூடிய கண்களின் மேல் திறந்த கண்களை வரையச் செய்து கூடத்தில் மாட்டினோம். ஊரில் எல்லோரும் செய்வதுதான். வந்தவர்கள் எல்லாம் உயிரோடு இருப்பது போலவே இருக்கிறது என்றார்கள். அண்ணி மட்டும் கூடத்தைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொள்வாள். அந்த ஈரமணல் படத்தைத் தன் ஜெபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜப்பான் சண்டையில் இறங்கிய மறுநாளே போலீஸ் வேன் லஸ்ஸுக்கு வந்தது. டாக்டரையும் ஃபூமியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேமராவும் போயிற்று. எந்த முகாமுக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. ஃபூமி எப்போதோ கொடுத்து வைத்த நுரைப்படங்கள் மட்டும் ஒரு பிஸ்கட் தகரத்தில் எங்கள் வீட்டில் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஜப்பான் காகிதக் கம்பெனி முத்திரை.

அப்புறம் சிங்கப்பூர் போயிற்று, ரங்கூன் போயிற்று. ஈஸ்டர் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் கொழும்பில் குண்டு விழுந்ததாம். மறுநாள் விசாகப்பட்டணம், காக்கிநாடா. அடுத்தது நாம்தான் என்று பால்காரர் முதல் பாதிரியார் வரை சொன்னார்கள். கடற்கரையில் முள்கம்பி. ஜன்னல்களில் கறுப்புக் காகிதம். அவசியமில்லாதவர்கள் பட்டணத்தை விட்டுப் போகலாம் என்று சர்க்காரே சொல்லிவிட, எழும்பூர் ஸ்டேஷனில் ஜனங்கள் ரயில் கூரைமேல் ஏறினார்கள். மிருகக்காட்சிசாலைப் புலி சிங்கங்களைச் சுட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை. மயிலாப்பூர் மாடவீதிகளில் வீட்டுக்கு வீடு பூட்டு. அண்ணனுக்குத் துறைமுகத்தை விட்டு நகர முடியாது. எங்கள் இருவரையும் செங்கல்பட்டில் மாமா வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பால்காரர் கபாலி ஒரு செய்தி கொண்டுவந்தார். "லஸ் பல் டாக்டர் வூட்டுக்கு யார் யாரு போய் வந்தாங்கன்னு போலீஸ் விசாரிச்சிகினு கீதும்மா. கம்பவுண்டரை இட்டுகினு போய்ட்டாங்க. நீங்க சாக்கிரதையா இருங்க."

நான் ஓடிப்போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். ஜப்பான்காரி எடுத்த படம், அத்தனையும் கடற்கரை, அலை எதுவரை ஏறும், எங்கே இறங்கும் என்று வாரம் தவறாமல் எடுத்த படம். படையை இறக்க வருகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? வீட்டில் துறைமுக கிளார்க் வேறு. அண்ணனைத் தூக்கில் போட்டுவிடுவார்கள் என்றே நான் முடிவு கட்டிவிட்டேன்.

"எரிச்சிடுங்க, அண்ணி. இப்பவே."

அவள் மறுக்கவில்லை. அடுப்பின் முன் உட்கார்ந்து தகரத்தைத் திறந்தாள். நான் வாசல் ஜன்னலில் கறுப்புக் காகிதத்தைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு தெருவைக் காவல் காத்தேன். திரும்பிப் பார்த்தால், ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டல்லவா தீயில் வைக்கிறாள்!

"வேடிக்கை பாக்கற நேரமா இது? மொத்தமாப் போடுங்களேன்!"

"பாக்காம போட்டா பாவம், ஃப்ளோரி" என்றாள்.

தகரம் காலியாயிற்று. ஜெபப்புத்தகத்தில் இருந்ததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுப்பில் வைக்கவில்லை.

"இது முடியாது."

"வெறும் மணல், அண்ணி! இதுக்காக அண்ணனை ஜெயிலுக்கு அனுப்பப் போறீங்களா?"

"நீ இதை என்னைக்காவது பாத்திருக்கியா?"

நான் பதில் சொல்வதற்குள் கதவைத் தட்டினார்கள்.

வந்தவர் பீர் முஹம்மது என்ற ஹெட் கான்ஸ்டபிள். நரைத்த மீசை, தூங்காத கண்கள். கூடத்துக்குள் வந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாம்மா எரிச்சீங்க?"

"கருவாடு" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"நான் திருவல்லிக்கேணிம்மா. கருவாட்டு வாசனை எனக்குத் தெரியாதா?"

சுவரைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி சமையலறையிலிருந்து வந்தாள். ஒளிப்பாள் என்று பார்த்தால், கையிலிருந்த படத்தை அவரிடமே நீட்டினாள்.

"டாக்டர் சம்சாரம் எடுத்த படங்க. மத்ததை எரிச்சிட்டோம், பயத்துல. இது ஒண்ணுதான் மிச்சம்."

அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "கடல் கீது. கோயில் கீது. பின்னாடி ஜப்பான் முத்திரை கீது. இது ஒண்ணு போதும்மா, உங்க வூட்டுக்காரரை உள்ளே வெக்க. எதுக்கு எடுத்தா இதை?"

"என் மகளை எடுத்தா."

"இதுல யாருமே இல்லியே."

"இருந்தா. ஓடிட்டா."

அவர் சுவரில் இருந்த பெரிய படத்தை அண்ணாந்து பார்த்தார். "அதுவா கொழந்தை?"

"அந்தக் கண்ணு அவ கண்ணு இல்லைங்க" என்றாள் அண்ணி.

அவர் ஜன்னலுக்குப் போனார். கறுப்புக் காகிதத்தை ஒதுக்கி, படத்தைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். திருட்டுப் போன வீடுகளில் காலடி பார்த்துப் பழகிய மனிதர். வெகுநேரம் பார்த்தார். அண்ணனுக்கு நான் மனதுக்குள் மரித்தோர் ஜெபமே தொடங்கிவிட்டேன்.

"சின்னக் காலு. வலது கால்ல அஞ்சு விரல் கீது. இடது கால்ல நாலுதான் கீது. ஒவ்வொரு தடத்துலயும் நாலுதான்."

நான் சுவரை விட்டுவிட்டு ஓடினேன். போலீஸ்காரர் பக்கத்தில் நிற்கிறார் என்ற நினைப்பே இல்லை. ஈரமணலில் வரிசையாகக் குட்டிக் காலடிகள். ஐந்து, நாலு, ஐந்து, நாலு. கடைசித் தடத்தின் விளிம்பை நுரை தொட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு நொடி தாமதித்திருந்தால் அதுவும் இருந்திருக்காது. எங்கள் கூடத்தை ஈரமாக்கிக்கொண்டு ஓடிய அதே கால்கள். நான் வாய்விட்டு அழுதேன். அவள் செத்த அன்று பயத்தில் அழக்கூட வராமல் நின்றவள் நான்.

பீர் முஹம்மது என்னைப் பார்க்காமல் அண்ணியிடம், "கத்திரிக்கோல் கீதாம்மா?" என்றார்.

அண்ணி தையல் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் படத்தின் மேல் பாதியை நிதானமாக வெட்டினார். கோபுரம், கட்டுமரம், கடல் எல்லாம் அவர் சட்டைப்பைக்குள் போயின. கீழ்ப் பாதியின் முதுகில் இருந்த முத்திரையை நகத்தால் சுரண்டினார்.

"கடற்கரைப் படம் சர்க்காருக்கு வந்துடுச்சு. இது மணல். மணலு எந்த ஊர்ல இல்ல?" என்று அண்ணியிடம் கொடுத்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "எம் பொண்ணை நேத்துதான் ரயிலேத்தி உட்டேன்" என்றார். எங்களிடம் சொன்னாரா, தெருவிடம் சொன்னாரா, தெரியவில்லை.

அண்ணி அந்தத் துண்டைக் கையில் ஏந்தி நின்றாள். "ஃபூமி இப்படித்தான் வெட்டச் சொன்னா" என்றாள். ஃபூமி என்ன ஆனாளோ, இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

கூடத்துப் படத்தை அண்ணி கழற்றச் சொல்லவில்லை, நானே கழற்றினேன். அந்த இடத்தில் ஒரு தையல் ஊசியால் அவள் மணல் படத்தைக் குத்தி வைத்தாள். கண்ணாடி போட்டு மாட்டாவிட்டால் உப்புக்காற்றில் கெட்டுப்போகும் என்று நான் பிடித்த பிடியில் நின்றேன்.

"கெட்டா கெடட்டும், ஃப்ளோரி. அதுவரைக்கும் பாப்போம்."

அவள் சொன்னபடியே ஆயிற்று. இந்த ஏழு வருஷத்தில் படம் தேநீர் நிறமாகிவிட்டது. ஓரத்துத் தடங்கள் கரைந்துவிட்டன. பள்ளிக்கூடம் போகுமுன் அண்ணி தினமும் அதன் முன் கொஞ்சம் நிற்கிறாள். அப்போது அவள் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் போலீஸ்காரர் வந்துபோன அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லவேண்டும். விளக்கு ஏற்றக்கூடாத நேரத்தில் அபாயச் சங்கு ஊதியது. குண்டுக்குப் பதுங்கக் கொல்லையில் வெட்டிய குழிக்குத் தெருவே ஓடியது. வழக்கம்போல் எல்லோருக்கும் முன்னால் நான். பாதி வழியில் நின்றேன். குண்டு விழுந்தால் அந்தச் சுவர் என்ன ஆகும் என்று தோன்றியது. திரும்பி வீட்டுக்குள் ஓடினேன். பின்னால் அண்ணி கத்துவது கேட்டது.

"ஃப்ளோரி! பைத்தியமா உனக்கு? வா, வெளியே வா!"

படத்தை எடுத்துக்கொண்டு ஓடத்தான் வந்தேன். ஊசிமேல் கை வைத்தேன், பிடுங்கவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, வலது காலின் ஐந்து விரல்கள் அதற்குள் மங்கிவிட்டன. சங்கு விட்டு விட்டு ஊதியது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த நாலு விரல் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தவரைக்கும் நான் அங்கேயே நின்றேன்.