அவள் வெட்டிய வேலி

எழுபதுகளின் பிற்பகுதி. மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலில் குடியிருந்தோம். நான் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். என் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். நீண்ட ரோமம் தருகிற அங்கோரா ஆடுகள் வளர்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பிடிவாதமாக நின்று, நகரத்துக்கு வெளியே கிழக்கே ஒரு துண்டு நிலம் வாங்க வைத்துவிட்டாள்.

நிலம் முழுக்க முட்பற்றையும் புதரும். வேலி இல்லாமல் ஆடு வளர்க்க முடியாது. சனி, ஞாயிறுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முன்னேறினோம். முதலில், அங்கிருந்த சின்னக் குளத்தை ஒட்டிய மூலையைத் துப்புரவாக்கி, கட்டை நட்டு, கம்பிவலை இழுத்து, நாலைந்து ஆடுகளை விட்டோம். பிறகு அடுத்த துண்டு. குழி தோண்டுவது என் வேலை, கம்பியை இறுக்குவது அவள் வேலை. நான் அலுத்துக்கொண்டால், "நீங்கள் நிழல்ல இருங்கோ, நான் செய்யிறன்" என்பாள். அதைக் கேட்டபிறகு எப்படி இருப்பது?

மூன்று வருடத்தில் வேலி முழுமையானது. அன்று அவள் வேலியோரமாக ஒரு முழுச் சுற்று நடந்து வந்தாள்.

அடுத்த கோடையில், நாங்கள் அங்கே நின்ற ஒரு மத்தியானம். வடக்கிலிருந்து அனல் காற்று. பக்கத்து நிலத்து மேட்டுக்கு அப்பால் புகை எழுந்தது. அந்த நிலத்துக்காரர் ஒரு வெள்ளைக்கார விவசாயி. எங்களைக் கண்டால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார், அவ்வளவுதான் பழக்கம். அன்று அவர் டவுனுக்குப் போயிருந்தார். நெருப்புக்குப் பயந்து ஓடிவந்த அவருடைய செம்மறிகள் எங்கள் வேலியில் மோதி, ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தவித்தன.

எங்கள் ஆடுகள் புல்லை ஒட்ட மேய்ந்திருந்த குளத்தடியில் நின்றன. நெருப்பு அங்கே வராது. "நீர் காரில ஏறும்!" என்று கத்தினேன். அவள் டிக்கியைத் திறந்து, கம்பி வெட்டும் குறட்டை எடுத்துக்கொண்டு வேலிக்கு ஓடினாள்.

"உமக்கென்ன விசரே? மூண்டு வருச வேலை!"

"வேலி பிறகும் போடலாம். வந்து பிடியுங்கோ!"

முதல் கம்பி அறுந்து தெறித்து அவள் கையைக் கிழித்தது. அவள் நிறுத்தவில்லை. நான் வலையைப் பிடித்து விலக்க, மிச்சக் கம்பிகளையும் வெட்டினாள். வழி திறந்தும் செம்மறிகள் மிரண்டு நின்றன. ஒன்றைக் கழுத்து ரோமத்தில் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தாள். அவ்வளவுதான், மந்தை முழுவதும் பாய்ந்து வந்தது. எல்லாவற்றையும் குளத்தடிக்கு விரட்டிக்கொண்டு நாங்களும் பின்னால் ஓடினோம்.

தீயணைப்புத் தொண்டர்கள் வந்து நெருப்பை அடக்கியபோது, வேலிக் கட்டைகளில் பாதி கரியாகியிருந்தன. டவுனிலிருந்து பதறியடித்து வந்த பக்கத்து நிலத்துக்காரர், எங்கள் ஆடுகளோடு கலந்து நின்ற தன் மந்தையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். துணி சுற்றியிருந்த அவள் கையை மெல்லத் தொட்டார்.

அடுத்த சனிக்கிழமை டிராக்டர் நிறையக் கட்டைகளோடு வந்து நின்றார். மூவருமாக மறுபடி தொடங்கினோம். வெட்டிய இடத்துக்கு வந்ததும் அவள், "இதில ஒரு கேட் வைப்பம்" என்றாள். அவருக்கும் ஆங்கிலத்தில் சொன்னாள். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

இப்போது அங்கே எங்கள் மகள் ரோமத்துக்காக வளர்க்கும் அல்பாக்கா விலங்குகள் மேய்கின்றன. வருகிறவர்கள் நிலத்தின் அழகை மெச்சுவார்கள். எனக்கோ, தானே இறுக்கிய கம்பியைக் கணமும் யோசிக்காமல் வெட்டிய அவள்தான் கண்முன் வருவாள்; இப்படி ஒருத்தியோடு வாழக் கிடைத்ததே என்ற வியப்பு இன்னும் எனக்குத் தீரவில்லை.