ஈர இலை ஒடித்த நாள்

புதுப்பட்டினத்தில் குடியிருக்கும் என் அக்கா வசந்தாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கீரைக்காரி வந்து நின்றால் கீரைக்கட்டைக் கையால் தொடமாட்டாள். "நீயே பையில போட்டுட்டுப் போம்மா" என்பாள். இலை ஈரமாகப் பளபளத்தால் இரண்டடி பின்னால் போய்விடுவாள்.

எல்லாம் எங்கள் வீட்டுப் புகையிலையால் வந்தது. எங்கள் பக்கத்தில் நெல், வேர்க்கடலை, சவுக்கு, அவ்வளவுதான். புகையிலை போட்டவர் எங்கள் நைனா மட்டும். அம்மா வேதாரண்யத்துக்காரர்; தாய்வீட்டிலிருந்து பித்தளைக் குடத்தோடு விதையையும் கொண்டுவந்தார். கொல்லைக்கு வேலி கிடையாது. ஆடு மாடு வாய் வைக்காது. ஒரே ஒருமுறை வாய் வைத்த ஆடு மாமல்லபுரம் வரை ஓடிப்போய்க் கடலைக் கண்டுதான் நின்றது. அதை நீங்கள் நம்பவேண்டாம். மேற்கொண்டு சொல்வதை நம்புங்கள்.

ஈர இலையை ஒடித்தால் அதன் நஞ்சு தோல் வழியாகவே உடம்பில் இறங்கும். தலை சுற்றும், குமட்டும், முகம் வெளுத்துவிடும். அதனால்தான் பத்து வயதான என்னைப் பனி காயும்வரை கொல்லைக்குள் விடமாட்டார்கள். எங்கள் வீட்டுக்குத் தெரிந்த இந்த விஷயம் வெளியே ஒருவருக்கும் தெரியாது.

அக்காவைப் பெண் பார்க்க வரும் நாள். இரவெல்லாம் தூறல், விடிந்தும் வானம் மூடியே இருந்தது. இன்னொரு மழை பெய்தால் இலையின் சாரம் போய்விடும். இலை ஒடிக்கக் கூலியாள் வரவில்லை. "அவங்க மத்தியானம்தான வர்றாங்க" என்று நைனா அக்காவையும் கொல்லையில் இறக்கிவிட்டார்.

அவர்களோ காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். கல்பாக்கத்தில் கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஸ்டோர் பார்க்கும் பன்னீர்செல்வமும், அவருடைய அம்மா ஞானம்பாளும். அக்கா அவசரமாகக் குளித்து, புடவை மாற்றி, காபித் தட்டோடு வந்தாள். உதடு வெளுத்திருந்தது. ஞானம்பாள் டம்ளரை எடுக்கக் கை நீட்டினார். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

ஞானம்பாள் நீட்டிய கையை மடக்கவில்லை. "எத்தினி மாசம்?" என்று கேட்டார்.

அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "ஈர எலைய ஒடிச்சாக்கா. அதான் தலை சுத்துது. வேற ஒண்ணுமில்லக்கா."

"யாராண்ட கத உடுற? நாப்பது வருசமா இந்தப் பொயலையத்தான் வாயில அதக்கிகினு கீறேன். எனக்கு வராத வாந்தியா?"

"வாயில போடறது வேறக்கா. கொல்லையில வந்து பாருங்க."

"வரேன். எனக்கு இன்னா பயமா?"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் இறங்கினார். ஈர இலைகளைத் தானே ஒடித்து மகன் கையில் அடுக்கினார். பன்னீர்செல்வம் நைலான் சட்டை நனைய அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் நடந்தார். நான் வரப்பில் நின்று ஞானம்பாளின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வெளுக்காதா, ஒரு ஏப்பமாவது வராதா என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். அவர் சிவந்த வாயோடு திரும்பிவந்து, கை கழுவி, இன்னொரு முறை வெற்றிலை போட்டார். கல்லுப்போல இருந்தார்.

"பாத்தியா? உன் பொண்ண நீயே வச்சிக்க."

கொண்டுவந்த பூவையும் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். அறைக்குள் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மா கொடுத்த மோரைத் தொடவில்லை. நைனா என்னிடம், "பையத் தூக்கிகினு போய் பஸ் ஏத்தி வுட்டுட்டு வா" என்றார். அவர் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. பஸ் கிளம்பினால் இந்தப் பேச்சும் அதில் ஏறிப் போகும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை யார் மிதிப்பார்கள்?

ரோட்டுப் புளியமரத்தடியில் நின்றோம். தூரத்தில் பஸ் வரும் சத்தம். அப்போதுதான் பன்னீர்செல்வத்தின் நெற்றி வியர்ப்பதைக் கவனித்தேன். "அம்மா, மரம் சுத்துதும்மா" என்றார். மரத்தைக் கட்டிப் பிடித்தார். காலையில் குடித்த காபி முதற்கொண்டு எல்லாம் வெளியே வந்தது.

என் வாய் சும்மா இருக்கவில்லை. ஞானம்பாளை நிமிர்ந்து பார்த்து, "எத்தினி மாசம்?" என்றேன்.

அறை விழும் என்று கன்னத்தை மூடிக்கொண்டேன். பஸ் வந்தது, நின்றது, போனது. அவர் முந்தானையால் மகன் வாயைத் துடைத்தார். ஈரம் காயாத அந்தச் சட்டையைத் தொட்டு முகர்ந்தார். "எனக்குப் பழகிப்போன வெசம், இவனுக்குப் பழகல" என்று முணுமுணுத்தார்.

"வாய்க்காரிடி நீ" என்றார் கடைசியில். "பூவ எடுத்துகினு ஓடு. உங்க அக்கா தலையில வைக்கச் சொல்லு. நாங்க பின்னாலயே வரோம். இவனுக்குக் கொஞ்சம் மோர் வேணும்."

மூச்சு வாங்க வாசலில் போய் நின்ற நான், பூவைக் கையில் வைத்துக்கொண்டே முதலில் மோரைத்தான் கேட்டேனாம். அக்கா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.