காற்று நின்ற நாளில் எதிதா

யார் வீட்டுக்குப் போனாலும் எதிதா ஓயார்சோ கதவைத் தட்டுவதில்லை. முதலில் பின்பக்கம் போகிறாள். ஒரு விறகுக்கட்டையைப் புரட்டிப் போட்டு அதன்மேல் ஏறி, கையுறையைக் கழற்றி, தகரச் சுவரில் தான் விட்டுவைத்த துளைக்கு நேராகப் புறங்கையைப் பிடிக்கிறாள். உள்ளேயிருந்து வெதுவெதுப்பு வந்தால்தான் முன்வாசலுக்கு வருகிறாள். "கோழி திருட வந்தவ மாதிரி எதுக்குடி சுத்துற?" என்று யாராவது ஜன்னலிலிருந்து கேட்டால், "கோழி உசுரோட இருக்கான்னு பாத்தேன்" என்பாள். சிரிக்க மாட்டாள்.

அவள் அம்மாவும் என் வீட்டுக்காரரும் அக்காள் தங்கை பிள்ளைகள். அந்த வகையில் எனக்கு மருமகள் முறை. உலகத்தின் தென்கோடியில், ஓயாமல் காற்றடிக்கிற எங்கள் நத்தாலெஸ் ஊரில் வீடு, கொட்டகை, ஆட்டு ரோமக் கிடங்கு எல்லாமே தகரம்தான். குளிர்காலத்தில் தகரம் வியர்க்கும். கெட்டிலில் கொதிக்கிற தண்ணீரின் ஆவியும் நாலு பேர் விடுகிற மூச்சும் மேலே போய்த் தகரத்தில் உறைந்து நிற்கும்; காலையில் அடுப்பு மூட்டியதும் கட்டிலின்மேல் மழையாகக் கொட்டும். அதை நிறுத்துவதுதான் எதிதாவின் தொழில். தகரத்துக்கு உள்ளே ரீப்பர் கட்டை அடித்து, நடுவில் ரோமத்தை அடைத்து, அறையைப் பார்த்த பக்கம் பிளாஸ்டிக் தாள் போர்த்தி, மேலே பலகை அடிக்கிறாள். ரோமத்துக்கும் தகரத்துக்கும் நடுவே உள்ளங்கை அகலம் இடைவெளி விடுகிறாள். "ரெண்டும் மாமியா மருமக மாதிரி அத்தை. ஒரே வீட்டுல இருக்கலாம், ஒட்டிக்கிட்டு மட்டும் இருக்கக் கூடாது" என்பது அவள் கணக்கு.

வேலை முடிந்ததும், அடுப்புக்குப் பின்னால் தாழ்வாக ஒரு துளை, எதிர்ச்சுவரில் உயரமாக ஒன்று. இந்த இரண்டும் இல்லாமல் அவள் எந்த வீட்டையும் ஒப்படைத்ததில்லை. அடுப்பின் நச்சுக்காற்று தேங்கிச் செத்துப்போன தன் சித்தப்பா ரோசமேலையும் அவர் மனைவியையும் அடைத்த கொட்டகையிலிருந்து தூக்கி வந்தபோது அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இருவர் முகமும் தூங்குவதுபோலச் சிவந்து நன்றாகவே இருந்தன. அதனால், மற்றவர்கள் காற்றுக்குப் பயப்படுகிற ஊரில், இவள் ஒருத்தி காற்று நின்றால் பயப்படுகிறாள். காற்றில்லாவிட்டால் புகைக்குழாய் இழுக்காது, நஞ்சு உள்ளேயே தேங்கும். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. புகைக்குழாய்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பாள்.

இந்தக் குளிர்காலத்தில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கரையில் கடல் கண்ணாடிபோலக் கிடந்தது. ஊரே மகிழ்ச்சியாகத் துணி காயப்போட்டது. எதிதா தன் பழைய வண்டியில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். என் தம்பி மகள் யானெத்துக்குப் பெண் பிறந்திருந்தது; பின்னிய காலுறையைக் கொடுக்க வேண்டும் என்று நானும் ஏறிக்கொண்டேன்.

"அவ வீட்டு ஜன்னல் ஒழுகுது அத்தை" என்றாள் எதிதா, வண்டி நிற்பதற்குள்.

"எங்க ஒழுகுது?"

"உள்பக்கம். பாருங்க, தண்ணி ஓடுது. தொளை வழியாப் போக வேண்டிய ஆவி."

இந்தத் தடவை அவள் பின்பக்கம் போகவில்லை. கதவை உதைத்தாள். வெகுநேரம் கழித்து யானெத் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து திறந்தாள். "தலை பொளக்குது அத்தை. ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன். நல்லவேளை, பாப்பா சமத்தா தூங்குறா. காலையிலேருந்து பாலுக்குக்கூட எழுந்திரிக்கல."

எதிதா அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, குழந்தையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்து பனியில் நின்றாள். போர்வையை விலக்கினாள். உள்ளங்காலைச் சுண்டினாள். குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. நான் யானெத்தை வாசற்படியில் உட்காரவைத்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டிலிருந்து யானெத்தின் மாமியார் குளோரிந்தா ஏப்ரனோடு ஓடி வந்தாள். "ஏடி கிறுக்கி! பச்சப்புள்ளயப் பனியில காட்டுறியே, கொல்லப் பாக்குறியா? சம்பந்தி, நீங்களும் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே!"

"தொளையில என்ன வெச்ச?" என்றாள் எதிதா, குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வெக்காம? புள்ள பொறந்த வீட்டுல ஓட்டையோட எவளாவது இருப்பாளா?"

எங்கள் பக்கத்தில் குழந்தை பார்க்க வெறுங்கையோடு போவதில்லை. ஆளுக்கொரு பிடி ரோமம் கொண்டுபோய்ச் சுவர் இடுக்கில் திணித்துவிட்டுத்தான் தொட்டிலை எட்டிப் பார்ப்போம். அப்படி வந்த ரோமத்தையெல்லாம் குளோரிந்தா சேர்த்து, இரண்டு துளைக்கும் அளவாகத் தலையணைபோலத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். மகன் நிபால்தோ அதைத் திணித்து, மேலே பலகையும் அடித்துவிட்டு, ஆட்டுப் பண்ணை வேலைக்குப் போய்விட்டான். எல்லாம் ஆசையாகச் செய்ததுதான்.

எதிதா மறுபடி சுண்டினாள். இன்னொரு முறை. அதற்குப் பிறகு, ஆணி இழுபடுகிற சத்தம்போல மெல்லிசாக ஓர் அழுகை வந்தது. குளோரிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். எதிதா மட்டும் ஆறுதல் அடையவில்லை. "இன்னும் அழு. நல்லா அழு. யார வேணாலும் திட்டு" என்று சொல்லிக்கொண்டே வண்டிக்கு நடந்தாள். மருத்துவமனையில் தாய்க்கும் பிள்ளைக்கும் மூக்கில் பிராணவாயுக் குழாய் வைத்தார்கள். அங்கிருந்த நர்ஸ், "பிழைச்சுக்கிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியாது" என்றாள். பிறகு இருவரையும் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

மறுநாள் மத்தியானம் பண்ணையிலிருந்து நேராக வீட்டுக்குப் போன நிபால்தோ, மூச்சிரைக்க என் வாசலில் வந்து நின்றான்.

"அத்தை, என் வீட்டுக் கதவக் காணோம்!"

"கதவா?"

"கீலோட கழட்டி எவனோ கொண்டுபோயிட்டான். வீடு தெறந்து கெடக்கு, பனி உள்ள போயிருக்கு. எங்க அம்மாவக் கேட்டா அழுவுறா."

நான் தெருவைக் காட்டினேன். எதிர்ப்புறம் எதிதாவின் வண்டி நின்றது. அதன் திறந்த பின்தட்டில் அவன் வீட்டுப் பச்சைக் கதவு படுத்திருந்தது. அதன்மேல் அவள் கால் நீட்டி உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கத்தக் கத்த அவள் அடுத்த துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். உள்ளேயிருந்து யானெத் குழந்தையோடு வந்து ஜன்னலருகில் நின்றாள். அவனை உள்ளே கூப்பிட்டு நடந்ததை நான்தான் சொன்னேன். பாதியிலேயே அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். குழந்தையைத் தொடக்கூட இல்லை. எழுந்து வந்த வழியே ஓடினான்.

திரும்பி வந்தபோது விரல் முட்டியெல்லாம் கிழிந்து இரத்தம் கசிந்தது. சுத்தியல் தேடக்கூடப் பொறுக்காமல் கையாலேயே பலகையைப் பிடுங்கியிருக்கிறான். அம்மா தைத்த அந்த இரண்டு ரோமத் தலையணைகளையும் வண்டியில் இருந்தவளிடம் நீட்டினான். "எடுத்துட்டேன் அக்கா. ரெண்டையும் எடுத்துட்டேன். சத்தியமா."

எதிதா இரண்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கதவின் மேலிருந்து இறங்கவில்லை. சட்டைப் பையைத் துழாவி, வண்டிச் சாவியை எடுத்து அவனிடம் நீட்டினாள். "ஓட்டு. தொளைய நானே பாத்துட்டுத்தான் கதவ மாட்டுவேன்."