அணைக்காத எஞ்சின்

எங்கள் வீட்டில் இதுவரை மூன்று வேன்கள். ஒன்று போய் ஒன்று வந்தது. முதல் வேன் அப்பாவுடையது, இரண்டாவது அண்ணனுடையது, இப்போது ஓடுவது என்னுடையது. மூன்றில் எதன் எஞ்சினை நம்பலாம் என்ற சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை. பொங்கலன்றும் இதைத்தான் பேசுவோம், சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதும் இதைத்தான் பேசுவோம். போன வருடம் ஒருநாள் காலையில் அந்தச் சண்டை அப்பாவின் கண்ணுக்கே உலை வைக்கப் பார்த்தது. தப்பித்தோம். தப்பித்ததால்தான் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய வேன் பல கை மாறி வந்த டீசல் வண்டி. முசரவாக்கத்தில் எங்கள் தெருவுக்கு முதன்முதலில் வந்த நான்கு சக்கரம் அதுதான். தாத்தா கடைசி வரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். அவர் பிள்ளை சொந்தமாக ஒரு வண்டி வாங்கியது சின்ன விஷயமில்லை. அதனால் அந்த வண்டியைப் பற்றி யார் குறை சொன்னாலும் அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

குறை சொல்லவோ ஏகப்பட்டது இருந்தது. காலையில் சாவியைத் திருகிவிட்டு, உள்ளே ஹீட்டர் சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். சூடானாலும் கிளம்பும் என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் தெருவே வந்து தள்ளும். டீசல் குழாயில் கசிவு வந்தால் அப்பா பட்டு நூலில் சோப்பைத் தடவி, குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார். எங்கள் ஊர்ப் பக்கம் அறுந்த பட்டு நூலுக்கா பஞ்சம்? தறி போட்டிருக்கும் வீட்டில் யாராவது ஒரு பிடி கொடுப்பார்கள். அது எப்போதும் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் சுருண்டு கிடக்கும்.

இப்படிப்பட்ட வண்டியால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் பிறந்தது. கிளப்பிய எஞ்சினை வேலை முடியும் வரை அணைக்கக் கூடாது. சுற்றுவட்டாரத்துக் கல்யாண வீட்டார் முகூர்த்தப் புடவை எடுக்க அப்பாவின் வேனில்தான் காஞ்சிபுரத்துக்குப் போவார்கள். பெண்கள் கடைக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு புடவையாகப் பிரித்துப் போடச் சொல்லி, ஒன்றும் பிடிக்காமல் அடுத்த கடைக்குப் போவார்கள். அத்தனை நேரமும் வேன் காந்தி ரோட்டில் குலுங்கிக்கொண்டே நிற்கும். எதிரே டீக்கடைக்காரர் கத்துவார்.

“யோவ், அத்த அணைய்யா! காது கீஞ்சிடும் போலக்கீது.”

“அணைக்கிறன். நீ வந்து தள்றியா?” என்பார் அப்பா.

வேலை முடிந்ததும் ஏரிக்கரைச் சரிவில், மூக்கு கீழே பார்க்கிற மாதிரி வண்டியை நிறுத்துவார். மறுநாள் கிளம்பவில்லை என்றால் பிரேக்கை எடுத்தால் போதும், உருண்டே கிளம்பிவிடும். எங்கள் ஊரில் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தாமல் ஏரிக்கரையில் நிறுத்திய குடும்பம் நாங்கள் மட்டும்தான்.

அந்த வண்டிதான் அப்பாவின் வலது கண்ணை வாங்கியது. கல்யாண வீட்டாரோடு திரும்பும்போது ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்துவிட்டது. கூட்டம் வெயிலில் முணுமுணுக்க ஆரம்பித்தது. அப்பா ஈரத் துண்டைப் போட்டு மூடியைத் திருகினார். ஆவி நேராக முகத்தில் அடித்தது. கன்னம் ஆறிவிட்டது. கண்ணை அவர் டாக்டரிடம் சரியாகக் காட்டவில்லை, மறுநாளே வண்டி எடுத்தார், தூசியும் புழுதியும் போய்ப் புண் வைத்துக் கடைசியில் கருவிழியில் வெள்ளை படர்ந்துவிட்டது. அம்மா இருந்தவரை அந்த வண்டியைத் திட்டிக்கொண்டே இருந்தாள். அப்பா சொல்வது ஒன்றுதான்: “அவசரப்பட்டது நானு. வண்டி இன்னா பண்ணும் பாவம்?”

எனக்கு இதைக் கேட்டால் எரிச்சலாக வரும். மனிதனுக்காகக் கூட இவ்வளவு பரிந்து பேசமாட்டார்.

அடுத்தது அண்ணன் வேன். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் பெண்களை ஷிப்டுக்கு ஏற்றிப் போனான். நல்ல வேன்தான். “என் வண்டி ஒருநாளும் நடுரோட்ல நின்னது கிடையாது” என்று இப்போதும் மார் தட்டுவான். உண்மை. அது நடுரோட்டில் நிற்காது, பட்டறையில்தான் நிற்கும். ஏதோ ஒரு சென்சார் போயிற்று என்பார்கள். அந்தச் சென்சார் சென்னையிலிருந்து வரும் வரை வண்டி பேசாமல் உட்கார்ந்திருக்கும். அப்பா போய்ப் பானெட்டைத் திறந்து பார்ப்பார். கை வைக்க ஓர் இடம் இருக்காது. எல்லாம் கறுப்பு மூடி. “மெக்கானிக் ஸ்பேனர எடுக்காம லேப்டாப் எடுக்கிறான்பா, இதெல்லாம் ஒரு வண்டியா?” என்று மூடிவிட்டு வருவார். ஆனாலும் வீட்டுச் சட்டத்தை அண்ணன் மீறவில்லை. கம்பெனி வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த எஞ்சின் அதைப் பொறுத்துக்கொண்டது.

அண்ணன் முதுகு வலி வந்து பஞ்சர் கடை போட்டுவிட்டான். நான் புது வேன் எடுத்தேன். பொம்பளை வேன் ஓட்டுவதா என்று ஊர் பேசியது. அப்பா பேசவில்லை. “அணைக்காம ஓட்டு, அது போதும்” என்றார்.

ஏனாத்தூர் கல்லூரிக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுத் திரும்ப அழைத்து வருவது என் வேலை. கல்லூரி வாசலில் காத்திருக்கும்போதும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும்போதும், புது எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். சாவியைத் தொட்டால் கிளம்பிவிடும் வண்டி அது, அணைத்துவிட்டுக் கிளப்பினால் ஒன்றும் குடிமுழுகாது. ஆனாலும் கை போகாது. சின்ன வயதிலிருந்து கேட்டு ஊறியது.

இதற்கிடையில் அப்பாவின் இடது கண்ணும் உள்ளே அழுத்தம் ஏறி மங்கிப்போனது. அதில் போன பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் வலது கண்ணில் உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது, முன்னால் இருக்கும் கருவிழிதான் கெட்டிருக்கிறது, யாராவது தானம் செய்த கண் கிடைத்தால் அதை மாற்றி வைக்கலாம் என்றார்கள். சென்னையில் பதிந்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். அப்பா அதற்குள் வண்டிகளைச் சத்தத்தில் அடையாளம் காண ஆரம்பித்திருந்தார். வேனில் ஏற வேண்டுமானால் உள்ளங்கையை வண்டி உடம்பில் வைத்துத் தடவிக்கொண்டே சுற்றி வந்து கதவைக் கண்டுபிடிப்பார். அப்போதெல்லாம் நான் வேறு எங்காவது பார்த்துக்கொள்வேன்.

அன்று காலை பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் போன். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண். “கண் வந்திருக்குங்க. மத்தியானத்துக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க. சாப்பாடு எதுவும் கொடுக்காதீங்க. நீங்க வரலைன்னா லிஸ்ட்ல அடுத்தவங்களைக் கூப்பிடணும், அதையும் சொல்லிடறேன்.”

அண்ணன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் பெங்களூர் ஹைவேயில் ஏறினேன். சுங்குவார்சத்திரம் தாண்டவில்லை, ஸ்டீயரிங்குக்கு முன்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. அதுவரை நான் பார்க்காத விளக்கு. வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கலாம். “இது இன்னா வெளக்கு?” என்று சத்தமாகக் கேட்டுத் தொலைத்தேன்.

“நிறுத்து” என்றார் அப்பா.

“நைனா, டைம் ஆவுது.”

“நிறுத்துமா! வெளக்கு வந்துதுன்னா எஞ்சின் கெஞ்சுதுன்னு அர்த்தம். ஓரம் கட்டு. ஆற உடு.”

அவருடைய வண்டியில் அதுதான் வழி. சூடானால் நிறுத்து, ஆற விடு, தண்ணீர் ஊற்று. கொதிக்கும் எஞ்சினை ஓட்டினால் அத்தோடு படுத்துவிடும் என்று முகத்தில் சூடு வாங்கித் தெரிந்துகொண்டவர். நான் வேகத்தைக் குறைத்து ஓரத்துக்கு வந்துவிட்டேன். அதற்குள் அண்ணன் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, விளக்கின் படத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தப் பையன் கேட்டான்: “வண்டிய ஓடாம ஆன்லயே போட்டு வெச்சிருப்பீங்களா சார்?”

“எப்பவும் ஆன்லதான்” என்றான் அண்ணன்.

புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்க இந்த வண்டியில் ஒரு வடிகட்டி இருக்கிறதாம். நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட விட்டால் அதில் கரி அடைத்துக்கொள்ளுமாம். ஒரே சீராக வேகமாக ஓட்டினால் சூட்டில் அந்தக் கரியை வண்டியே எரித்துக்கொள்ளும். “மஞ்சளா இருந்தா நிறுத்தாதீங்க. ஒரே கியர்ல நல்லா ஓட்டுங்க, தானா அணைஞ்சிடும். நடுவுல நிறுத்தினா இன்னும் அடைச்சுக்கும், அப்புறம் வண்டி இழுக்காது. சிவப்பானா மட்டும் நிறுத்திடுங்க.”

“போன்ல பேசறவன் பேச்சக் கேக்காத” என்றார் அப்பா. “நானு எத்தனை எஞ்சின் பார்த்திருக்கன். உன் கண்ணால பாக்கிறத உடு, காதால கேளு. சத்தம் மாறுது பாரு.”

சத்தம் மாறத்தான் செய்தது. நிறுத்தினால் வண்டி திரும்ப இழுக்குமோ இழுக்காதோ. ஓட்டினால் எஞ்சின் போய்விடுமோ. வாடகைக் காரைக் கூப்பிட்டால் அது ஹைவேயில் நம்மைத் தேடி வந்து சேர்வதற்குள் அந்தக் கண் வேறு ஒருவருக்குப் போய்விடும். பெற்ற தகப்பன் நிறுத்து என்கிறார். ஊர் பேர் தெரியாத பையன் ஓட்டு என்கிறான். நான் கியரைக் குறைத்து மிதித்தேன்.

ஸ்ரீபெரும்புதூரை நெருங்கும்போது தீய்கிற வாசனை வந்தது.

அப்பா முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தேவிட்டார். “எரியுது! ஏய், எரியுதுடி! நிறுத்து!”

என்னை அப்பா ஒருநாளும் டி போட்டுப் பேசியதில்லை.

“கரி எரியுது நைனா! எரியட்டும், அதான் எரியணும்!” என்று நானும் கத்தினேன். கத்தினேனே தவிர, எனக்கே நிச்சயமில்லை. அண்ணன் அப்பாவின் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தான். “கலர் இன்னா? கலர் இன்னா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மஞ்சள், மஞ்சள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முன்னால் ஒரு லாரி ஆடி அசைந்து போனது. வாழ்க்கையில் யாரையும் அவ்வளவு கெட்ட வார்த்தையில் திட்டியதில்லை. டோல்கேட்டில் வரிசை நின்றது. எஞ்சின் மூச்சு வாங்குவது காலுக்கே தெரிந்தது. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார். சாமியை வேண்டுகிறாரா என்னைத் திட்டுகிறாரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. கேட் திறந்ததும் மறுபடி மிதித்தேன்.

பூந்தமல்லிப் பாலம் கண்ணில் படும்போது விளக்கு அணைந்தது. சத்தம் போடவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை. எரிந்த இடம் தெரியாமல் அணைந்துவிட்டது.

“அணைஞ்சிட்சி” என்றேன். அண்ணன் என் தலையில் ஒரு தட்டு தட்டினான். அப்பா காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். “ஆமா, இப்ப சத்தம் லேசாகீது” என்றார்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அப்பாவை உள்ளே கூட்டிப் போனதும் நானும் அண்ணனும் வராந்தாவில் உட்கார்ந்தோம். அப்போதுதான் சிரிப்பு வந்தது. அணைக்காமல் வைத்தால்தான் வண்டி ஓடும் என்று ஒரு குடும்பமே நம்பிக்கொண்டிருந்தோம், கடைசியில் அதுதான் வண்டியின் மூச்சை அடைத்திருக்கிறது. யாருடைய கண்ணோ அவர் வீட்டார் அழுதுகொண்டே கொடுத்தது, அது எங்கள் அப்பாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

புதுக் கண்ணில் பார்வை உடனே தெளியவில்லை. முதலில் வெளிச்சம், பிறகு உருவம், பிறகு மெல்ல மெல்ல நிறம் என்று வந்தது. மறு பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் வண்டிக்குள் பழைய சண்டை தொடர்ந்தது. “உன் வண்டி வெளக்கு போட்டுச் சொல்லுது, என் வண்டி வாசனையிலயே சொல்லும்” என்பார். விட்டுக்கொடுக்கிற ஜென்மம் இல்லை அவர்.

அப்படி ஒருமுறை திரும்பும்போது, ராஜகுளத்தில் டீ சாப்பிடலாம் என்று ஓரம் கட்டினேன். பழக்கதோஷம், எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அப்பா பின்கதவைத் திறந்து தானே இறங்கினார். டீக்கடைப் பக்கம் போவார் என்று பார்த்தால், வண்டிக்கு முன்பக்கமாகச் சுற்றி வந்தார். கை வேட்டி மடிப்பில் இருந்தது. வண்டியைத் தொடவேயில்லை. என் ஜன்னலுக்கு வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

“எதும்மா அந்த மஞ்ச வெளக்கு?”

இடத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு ஜன்னல் வழியே கையை உள்ளே விட்டார். கை எதையும் தடவவில்லை, தேடவில்லை. நேராகச் சாவிக்குப் போனது. திருகி எஞ்சினை அணைத்தார்.

“இறங்குமா” என்றார். “திரும்ப வந்து கெளப்பிக்கலாம்.”