வாய் திறக்காத நவ்யா

பாலகோபாலுக்குத் தன் மனைவி நவ்யாவை ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் அவன் எழுதிய மென்பொருளுக்கு அவளே தரம் போட வேண்டும் என்று மோட்டார் ரீவைண்டிங் பட்டறைச் சங்கம் சொன்னபோது வேறு ஆள் கிடைக்காதா என்று கேட்டுப் பார்த்தான்.

நவ்யாவின் வேலை அது. ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் என்றால் யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம். எடுப்பதென்னவோ சுலபம்தான், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். எது எவ்வளவு படுத்தும் என்று கோவை வட்டாரத்துச் சின்னப் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் அவள் இணையத்தில் எழுதிச் சொல்வாள். அவளிடம் மூன்றே தரம்: ‘நீங்களே போட்டுக்கலாம்’, ‘ஆளைக் கூப்பிடுங்க’, ‘விட்டுத் தள்ளுங்க’. அதைப் பார்க்காமல் இங்கே பலர் கம்ப்யூட்டரில் கை வைப்பதில்லை.

எதையும் அவள் தானே போட்டுப் பார்ப்பதில்லை. எனக்குத்தான் பாதி தெரியுமே, நான் போட்டால் என்ன தெரியும் என்பாள். பயன்படுத்தப் போகிறவரையே உட்கார வைத்து, பின்னால் ஒரு ஸ்டூலில் அமர்ந்து, வாய் திறக்காமல் பார்ப்பாள். முடிந்ததும் எப்படி இருந்தது என்றும் கேட்க மாட்டாள். சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிக் காலம் தள்ளியவள் அவள். “சரியாப் போச்சுங்க, ஒண்ணும் சிரமமில்லீங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, மறுநாள் அதே கோளாறுக்கு அதே ஆள் கூப்பிடுவார். நம் ஊர்க்காரன் காலில் அம்மியைப் போட்டாலும், போட்டவனிடம் பரவாயில்லீங்க என்றுதான் சொல்வான். அந்த மரியாதையை வைத்து எதையும் எடை போடக் கூடாது என்று அவள் அங்கேதான் கற்றாள்.

பாலகோபால் வேலையை விட்டுவிட்டு எழுதியது, பட்டறைக்கு வரும் மோட்டார் யாருடையது, எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் மென்பொருள். நவ்யா முதல் தரம் கொடுத்தால் சங்கத்துப் பட்டறைகள் எல்லாம் எடுத்துக்கொள்ளும்; மென்பொருள் சும்மாதான் என்றாலும், அதைப் பராமரிக்கச் சங்கம் அவனுக்கு மாதாமாதம் பணம் தரும். இல்லாவிட்டால் அவன் உழைப்பு வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கிடக்க வேண்டியதுதான்.

உக்கடத்தில் நசுருதீன் பாயின் பட்டறையில் சோதனை வைத்தார்கள். நவ்யா ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாலகோபால் கெஞ்சிக் கேட்டு பாய்க்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தான். பாதி வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஒரு கறுப்புத் திரை வந்து பாஸ்வேர்டு கேட்டது. பாய் அடித்தார். அந்தத் திரையில் பாஸ்வேர்டு அடித்தால் எழுத்தும் தெரியாது, புள்ளியும் தெரியாது. மறுபடி அடித்தார். கீபோர்டைத் தட்டினார், ஒயரை ஆட்டிப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லீங்க, இப்ப வாரேன்” என்று மாடி வீட்டுக்குப் போய் வேறு கீபோர்டு எடுத்து வந்து மாட்டினார். அதிலும் எழுத்து வரவில்லை.

பாலகோபாலுக்குப் பொறுக்கவில்லை. “அது அப்படித்தானுங்க பாய், தெரியாது. அடிச்சுப்போட்டு என்டரைத் தட்டுங்க.”

தட்டினார். எல்லாம் ஏறிவிட்டது. “ரொம்பச் சுலபமுங்க தம்பி!” என்று டீயும் வர்க்கியும் வரவழைத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

பாலகோபால் வீடு வரை பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினான். சாயங்காலம் நவ்யா ‘ஆளைக் கூப்பிடுங்க’ என்று தரம் போட்டாள்.

“அவரே சுலபம்னு சொல்லிப்போட்டாரே அம்மணி!”

“பக்கத்துல நீங்க உக்காந்திருக்கீங்க, வேற என்னத்தச் சொல்லுவாரு? எங்கக்கா ஊட்டுச் சாம்பார்ல உப்பே இல்ல, நீங்க ரெண்டாந்தடவ வாங்கி ஊத்திக்கிட்டீங்களே, நல்லா இருந்துச்சுங்களா?”

“என் பொழப்பு இதுல இருக்குது நவ்யா.”

“தெரியுமுங்க.” அவள் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “நல்ல கீபோர்டு கெட்டுப்போச்சுன்னு அவரு நெனச்சாரு. ஒவ்வொரு பட்டறைலயும் நீங்க பக்கத்துல உக்காரப் போறீங்களா?”

சங்கம் வேண்டாம் என்றது. பாலகோபால் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். அவள் மேல் கோபம் வந்தது, அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. கோபம் ஆறியதும் உட்கார்ந்து அந்தக் கறுப்புத் திரையே வராதபடி மாற்றி எழுதினான். தரத்தை மாற்று என்று மட்டும் அவளிடம் கேட்கவில்லை. இன்னொரு தடவை வந்து உட்காரு என்றான்.

பாயின் கம்ப்யூட்டரில் பழையதை நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்தத் தடவை பாலகோபால் உள்ளேயே போகவில்லை. எதிர் டீக்கடையில் நின்று, குடிக்காத டீயைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலையே பார்த்தான். இவ்வளவு கறாரான பெண்ணைக் கட்டிக்கொண்டோமே என்று நொந்தான். இவளையும் ஏமாற்ற முடிந்தால் அப்புறம் ஊரில் யாரைத்தான் நம்புவது என்றும் நினைத்துக்கொண்டான்.

நவ்யா தனியாக வெளியே வந்தாள். வழியனுப்ப யாரும் வரவில்லை.

“பாய் என்ன சொன்னாரு?”

“ஒண்ணுமே சொல்லலீங்க.”

அவன் ஆறிப்போன டீயைக் கீழே வைத்தான். “சுலபம்னு கூடவா சொல்லல?”

“இல்லீங்க. போட்டு முடிச்சவரு, அப்படியே மோட்டார் பேரெல்லாம் ஏத்த ஆரம்பிச்சுட்டாரு. போய்ட்டு வாரேன்னு ரெண்டு தடவ சொன்னேன், காதுலயே உழுகல.”

“டீயாவது வரவழைச்சாரா?”

“டீயா! நான் உக்காந்திருந்ததையே மறந்துபோட்டாருங்க” என்று நவ்யா வாய் கொள்ளாமல் சிரித்தாள்.