பளிச்சக்கா கடையில் சேதமில்லை

எங்கள் தெருவில் சலவைக்கடை வைத்திருந்தவளைப் பளிச்சக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். துணியில் ஒரு பொட்டு கறை இருந்தாலும் அவளுக்குத் தூக்கம் வராது. அந்தச் சுத்தப் பைத்தியம்தான் அவள் குடியைக் கெடுத்தது என்று சொன்னால் என்னை அடிக்க வருவாள்.

வெள்ளம் கழுத்தளவு ஏறி வடிந்ததில் துவைக்கும் மெஷின்கள் எல்லாம் மோட்டாருக்குள் சேறு போய்ச் செத்தன. நிவாரண அலுவலகத்துக்கு நடையாய் நடந்து மனுக் கொடுத்தாள். ஆய்வாளர் நேரில் பார்த்துச் சேதம் என்று எழுதினால் மெஷின் வாங்கப் பணம் வரும். கடை திறக்கும்வரை இஸ்திரி போடும் தம்பிக்கும் துவைக்கிற பெண்ணுக்கும் பாதிக் கூலியும் கிடைக்கும். எழுதாவிட்டால் எல்லோரும் நடுத்தெருவில்தான்.

ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்ததும் மகராசி என்ன செய்தாள் தெரியுமா? ஆட்களோடு சேர்ந்து கடையைக் கழுவினாள். சுவரைத் தேய்த்தாள். செத்த மெஷின்களைக்கூடத் துடைத்து வைத்தாள்.

“அப்படியே விட்டுடலாமேக்கா?” என்று இஸ்திரித் தம்பி முனகினான்.

“பெரிய மனுஷன் வர்றாரு, சேத்துலயாடா நிக்க வைக்கிறது? என் கடைக்குன்னு ஒரு பேர் இருக்கு.”

ஆய்வாளர் முதலில் பக்கத்து மெத்தைக் கடைக்குப் போனார். வெள்ளத்துக்குப் பிறகு கடைப்பக்கம் எட்டியே பார்க்காத மகான் அதன் முதலாளி. ஆய்வாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலிருந்தே ‘முழுச் சேதம்’ என்று எழுதினார். இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“கடை நல்லாத்தானேம்மா இருக்கு?”

“மெஷின் ஓடாது சார். மோட்டாருக்குள்ள சேறு.”

“நான் மெக்கானிக் இல்லம்மா. போட்டுப் பாக்கத் தெருவுல கரண்டும் இல்ல. கண்ணால பாக்கறதத்தான் எழுத முடியும். போட்டோ இருக்கா?”

போனும் வெள்ளத்தோடு போயிருந்தது.

 பளிச்சக்கா மெத்தைக் கடைக்கு ஓடி, இரண்டு கையாலும் சேற்றை அள்ளி வந்து, தன் சுவரில் கழுத்துயரத்துக்கு அப்பினாள். “இதுவரைக்கும் சார்! இதுவரைக்கும் நின்னுச்சு சார்!” என்று கத்திக் கத்தி அப்பினாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க பூசினத நான் எழுத முடியாதும்மா,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஆய்வாளர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

துவைக்கிற பெண் மூலையில் உட்கார்ந்து அழுதாள். இஸ்திரித் தம்பி ஈரத்துணியோடு சுவரைத் துடைக்கப் போனான்.

“விட்டுடுடா.”

“காஞ்சிட்டா போகாதுக்கா. சரி, காலையில வந்து தேய்ச்சுடறேன்.”

“காலையில வராதடா,” என்றாள் பளிச்சக்கா. “நீயும் அவளும் வேற எடம் பாருங்க.”